கர்ப்பப்பை இறக்கம்: எடுப்பதா, தூக்கிக் கட்டுவதா?

"கர்ப்பப்பை இறங்கிவிட்டதாம், எடுத்துவிடச் சொல்லிவிட்டார்கள்." கல்யாண வீட்டிலோ மருத்துவமனை வராந்தாவிலோ இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. முதல் பாதி நோய், இரண்டாம் பாதி வைத்தியம். இடையில் கேட்பதற்கு ஒரு கேள்வியும் இல்லை என்பதுபோலத்தான் எல்லோரும் தலையாட்டுகிறோம். பல வருடங்கள் வெளியில் சொல்லக் கூசி மறைத்துவைத்த தொல்லைக்கு ஒரே நாளில் தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது.

இதைச் சுற்றி உலவும் அரைகுறைச் செய்திகளுக்கும் பஞ்சமில்லை. இறங்கிய கர்ப்பப்பை புற்றுநோயாக மாறும் என்கிறார்கள். இறங்கியதாலேயே அப்படி மாறாது. சிசேரியன் செய்துகொண்டவர்களுக்கு வராது என்கிறார்கள். வாய்ப்பு குறையும், அறவே வராமல் போகாது. வெள்ளைப்படுதல், இடுப்புவலி எது வந்தாலும் இதன் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் இறக்கம் தீர்ந்தது என்று நம்புகிறார்கள். அதிகச் சேதம் செய்வது இந்த நம்பிக்கைதான். கர்ப்பப்பை தானாக இறங்குவதில்லை; அதைத் தாங்கிப் பிடித்திருப்பவை தளர்ந்துபோவதால் இறங்குகிறது. இது பிடிபட்டால், இதற்கான அறுவை சிகிச்சைகளில் ஏன் இத்தனை வகை என்பதும் பிடிபடும்.

உறியில் தொங்கும் கலயம்

பழைய வீடுகளில் உத்தரத்திலிருந்து உறி தொங்கும். அதில் தயிர்க் கலயம் இருக்கும். அந்தக் கலயத்துக்கு அடியில் ஒரு பலகையும் முட்டுக் கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். பாரத்தில் பெரும்பங்கு பலகையின் மேல். கயிற்றின் வேலை, கலயம் ஆடாமல் அசையாமல் அதன் இடத்தில் நிறுத்துவது. ஒரு நாள் பலகை விரிசல் விடுகிறது. அன்றைக்கே கலயம் விழுந்துவிடாது. கயிறு முழுப் பாரத்தையும் இழுத்துப் பிடிக்கும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுபட்டு, நைந்து, நீளும். கலயம் விரல்கிடையாகக் கீழே வரும்.

உடம்பில் அந்தப் பலகையின் இடத்தில் இருப்பவை இடுப்புத்தளத் தசைகள். முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து வால் எலும்புவரை கிண்ணம்போல் விரிந்து, வயிற்று உறுப்புகளைக் கீழிருந்து ஏந்துபவை. சிறுநீர், பிரசவம், மலம் ஆகிய மூன்று வழிகளுக்காக நடுவில் ஓர் இடைவெளி உண்டு. மற்றத் தசைகளில் பெரும்பாலானவை நாம் உறங்கும்போது ஓய்வெடுக்கும். இவை உறக்கத்திலும் கொஞ்சம் இறுகியேதான் இருக்கும். அந்த இறுக்கம்தான் இடைவெளியை மூடிவைக்கிறது.

கயிறு என்பது தசைநார்கள், அதாவது உறுப்பை எலும்போடு பிணைக்கும் உறுதியான இழைக்கட்டுகள். கர்ப்பப்பை வாயின் பின்புறத்திலிருந்து கிளம்பி, முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் திருவெலும்பை நோக்கிச் செல்பவை ஒரு ஜோடி. பக்கவாட்டில் இடுப்புச் சுவருக்குச் செல்பவை இன்னொரு ஜோடி. கர்ப்பப்பையையும் யோனியின் உச்சியையும் மேலே நிறுத்துபவை இவையே.

பலகை எப்போது விரிசல் விடுகிறது? பெரும்பாலும் பிரசவத்தில். குழந்தையின் தலை வெளிவரும் நேரத்தில் இத்தசைகளின் உட்பகுதி தன் நீளத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல் இழுபடுவதாகக் கணினி மாதிரிகள் காட்டுகின்றன. கை கால் தசையை அவ்வளவு இழுத்தால் அறுந்துவிடும். இதுவும் சிலருக்கு எலும்பிலிருந்து பிய்ந்துகொள்கிறது. ஆயுதப் பிரசவத்தில், அதாவது இடுக்கி போட்டுக் குழந்தையை எடுக்கும்போது, அந்த ஆபத்து கூடுதல். ஆனாலும் இறக்கம் தெரியவருவது பெரும்பாலும் இருபது முப்பது ஆண்டுகள் கழித்துத்தான். மாதவிடாய் நின்று ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறையும்போது கயிறும் வலுவிழக்கிறது. தீராத இருமல், மலச்சிக்கல், உடல் பருமன், வாழ்நாளெல்லாம் தலையிலும் இடுப்பிலும் சுமந்த பாரம் எல்லாம் சேர்ந்து மேலிருந்து அழுத்துகின்றன. பிறவியிலேயே இணைப்புத்திசு மென்மையாக அமைந்தவர்களுக்குக் குழந்தையே பெறாதபோதும் இறக்கம் வரலாம்.

இதுவரை சொன்னதன் சாரம்: பழுது பலகையிலும் கயிற்றிலும். கலயத்தில் குறையில்லை. கலயத்தை எடுத்துவிட்டால் கயிறு குட்டையாகிவிடாது, பலகையும் ஒட்டிக்கொள்ளாது.

இறங்குவது எது?

கையில் தட்டுப்படும் சதையைப் பெண்கள் கர்ப்பப்பை என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பல சமயம் அது கர்ப்பப்பையாக இருப்பதில்லை. யோனி ஒரு குழாய் என்றால் அதன் முன்சுவருக்கு அந்தப் பக்கம் சிறுநீர்ப்பை, பின்சுவருக்கு அந்தப் பக்கம் மலக்குடல், உச்சியில் கர்ப்பப்பை. எந்தச் சுவர் தளர்கிறதோ, அதற்குப் பின்னால் இருப்பது அந்தச் சுவரைத் தள்ளிக்கொண்டு வெளியே புடைக்கும். ஆகவே இறக்கம் மூன்று வகை: முன்சுவர் இறக்கம், பின்சுவர் இறக்கம், உச்சி இறக்கம். ஒருவருக்கே இரண்டோ மூன்றோ சேர்ந்திருப்பதும் சாதாரணம்.

ஒவ்வொன்றுக்கும் தனி அறிகுறி உண்டு. முன்சுவர் இறங்கினால் சிறுநீர் முழுதாகப் போகாது. பின்சுவர் இறங்கினால் மலம் வந்தும் வராமலும் தங்கும். புடைப்பை விரலால் உள்ளே தள்ளிப் பிடித்தால்தான் போக முடிகிறது என்ற நிலைகூடச் சிலருக்கு உண்டு. மருத்துவரிடம் அவர்கள் கடைசிவரை சொல்லத் தயங்குவதும் இதைத்தான். தயங்கவே வேண்டாம். எந்தச் சுவர் பழுது என்பதை அந்த ஒரு வாக்கியமே பாதி சொல்லிவிடும். காலையில் எழும்போது ஒன்றும் தெரியாமல், சாயங்காலம் ஆக ஆக அடியில் ஏதோ இழுப்பதுபோல் இருப்பதும் இந்தத் தொல்லையின் அடையாளம்.

பரிசோதனையில் நடப்பது இவ்வளவுதான். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். வாத்து அலகுபோல் வளைந்த ஒரு கருவியால் பின்சுவரை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, இருமச் சொல்வார்கள், முக்கச் சொல்வார்கள். முன்சுவர் எவ்வளவு வருகிறது என்று தெரியும். கருவியைத் திருப்பி முன்சுவரை ஒதுக்கினால் பின்சுவர் தெரியும். வாசல் விளிம்பை அடையாளக் கோடாக வைத்து, அதற்கு எத்தனை சென்டிமீட்டர் மேலே அல்லது கீழே என்று அளந்து நிலை 0 முதல் 4 வரை குறிப்பார்கள். 1996 முதல் உலகம் முழுவதும் புழங்கும் அளவுமுறை இது.

இந்த எண்ணைக் கேட்டுப் பயப்படக் கூடாது. அமெரிக்காவில் 50 முதல் 79 வயதுவரையான பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வொன்றில், கர்ப்பப்பை உள்ளவர்களில் 41 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இறக்கம் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. வேறு காரணத்துக்காக ஸ்கேனுக்கோ பரிசோதனைக்கோ போன இடத்தில் "லேசாக இறங்கியிருக்கிறது" என்று சொன்னால், தொல்லை எதுவும் இல்லாத பட்சத்தில், அதற்கு அறுவை சிகிச்சை தேவையே இல்லை.

சுருக்கமாக: எந்தச் சுவர், எவ்வளவு தூரம், எவ்வளவு தொல்லை என்ற மூன்றும் தெரியாமல் சிகிச்சை பற்றிப் பேச முடியாது.

கத்திக்கு முன்னால்

அறுவை சிகிச்சை பற்றிய கட்டுரையானாலும் இரண்டைச் சொல்லாமல் தாண்ட முடியாது. ஒன்று, இடுப்புத்தளத் தசைகளை இறுக்கிப் பழகும் பயிற்சி. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948-இல் பரப்பியது. ஆரம்ப நிலை இறக்கத்தில் தொல்லையைக் குறைக்கும். வாசலைத் தாண்டி வந்துவிட்டதை அது மேலே ஏற்றாது. மற்றொன்று பெஸரி: யோனிக்குள் பொருத்தும் சிலிகோன் வளையம். சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி மாட்டினால் ஆண்டுக்கணக்கில் ஓட்டலாம். பழைய கிரேக்க மருத்துவர்கள் இதே வேலைக்குப் பாதி மாதுளம்பழத்தைப் பயன்படுத்தினார்கள். சிரிப்பாக இருந்தாலும் யோசனை சரிதான். உள்ளிருந்து ஏந்திப் பிடிப்பதுதான் பெஸரியின் வேலையும்.

பொதுவாக, தொல்லையைத் தாங்க முடியவில்லை, வளையமும் ஒத்துவரவில்லை அல்லது பிடிக்கவில்லை என்றால்தான் அறுவை சிகிச்சை. உயிர் காக்கும் அவசரம் இதில் அபூர்வம். வெளியே வந்த சதை உரசி உரசிப் புண்ணாவது, சிறுநீர் அடைபடுவது, நெடுநாள் கவனிக்காமல் விட்ட முற்றிய இறக்கத்தில் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள் நெருக்கப்பட்டுச் சிறுநீரகம் வீங்குவது ஆகிய மூன்றையும் தள்ளிப்போடக் கூடாது. மற்றவர்களுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. "இந்த வாரமே" என்று யாராவது அவசரப்படுத்தினால் இன்னொரு மருத்துவரையும் பார்ப்பது நல்லது.

சுவர்களைத் தைப்பது

அறுவை சிகிச்சைகளில் மிகவும் பழக்கமானது இது. யோனியின் முன்சுவர்த் தோலை நடுவில் கீறி, இரு பக்கமும் உரித்து ஒதுக்குகிறார்கள். அடியில் சிறுநீர்ப்பை புடைத்து நிற்பது தெரியும். அதை மேலே ஏற்றிவிட்டு, இருபுறமும் ஒதுங்கிக் கிடக்கும் உறுதியான திசுவை நடுக்கோட்டுக்கு இழுத்து, கரையும் நூலால் தைத்து இறுக்குகிறார்கள். மிஞ்சிய தோலைக் கத்தரித்து மூடுகிறார்கள். பின்சுவருக்கும் இதே முறை. அங்கே வாசலுக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் பிரசவத்தில் கிழிந்து விரிந்துபோன தசையையும் சேர்த்துத் தைப்பார்கள்.

இதில் இரண்டு கவனம் வேண்டும். பின்சுவரை அளவுக்கு மீறி இறுக்கித் தைத்தால் தாம்பத்திய உறவு வலிமிக்கதாகிவிடும். "இன்னும் இறுக்கமாகத் தைத்துவிடுங்கள் டாக்டர்" என்று கணவர் தரப்பிலிருந்து வரும் வேண்டுகோளுக்கு மருத்துவத்தில் இடமில்லை. இரண்டாவது, உச்சியும் இறங்கியிருக்கும்போது முன்சுவரை மட்டும் தைத்து அனுப்பினால், அது திரும்பவும் புடைத்துக்கொண்டு வரும். முன்சுவர் பெரும்பாலும் உச்சியோடு சேர்ந்தே இறங்குவது. மேலே கட்டாமல் நடுவில் தைப்பது வீண் உழைப்பு.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜான் டிலான்சி 1992-இல் இறந்த உடல்களை ஆராய்ந்து, யோனிக்கு மூன்று மட்டங்களில் பிடிமானம் இருப்பதை விளக்கினார்: உச்சியைத் தூக்கும் தசைநார்கள், நடுப்பகுதியைப் பக்கச் சுவரோடு இணைக்கும் திசு, வாசலைத் தாங்கும் தசைக்கட்டு. எந்த மட்டம் அறுந்ததோ அந்த மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும் என்ற இன்றைய சிந்தனை அவருடைய வரைபடத்தின் மேல் நிற்கிறது.

எடுத்துவிட்டுக் கட்டுவது

நம் நாட்டில் அதிகம் நடப்பது, யோனி வழியாகவே கர்ப்பப்பையை எடுத்து, கூடவே சுவர்களையும் தைப்பது. வயிற்றில் கீறல் கிடையாது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தால் போதும். குழந்தை பெறும் காலம் கடந்தவர்களுக்கு, குறிப்பாகக் கர்ப்பப்பையில் வேறு பிரச்சினையும் இருப்பவர்களுக்கு, இது நல்ல வழிதான். இதைக் குறை சொல்வது என் நோக்கமில்லை.

இங்கே முக்கியமான வேலை எடுப்பது என்று நினைப்பதுதான் தவறு. கர்ப்பப்பையைத் தாங்கிய தசைநார்களை வெட்டித்தான் அதை எடுக்கிறார்கள். வெட்டுண்ட அந்த நுனிகளை யோனியின் உச்சியோடு திரும்பப் பிணைக்க வேண்டும். மெக்கால் என்ற மருத்துவர் 1957-இல் விவரித்த தையல் இதற்காகவே. அதைச் செய்யாமல் மூடிவிட்டால், உச்சிக்குப் பிடிமானம் இராது. சில ஆண்டுகளில் யோனியே உள்ளிருந்து வெளியாகத் திரும்பிக்கொண்டு இறங்கும். சிறுகுடலும் அதற்குள் இறங்கலாம். "எனக்குக் கர்ப்பப்பை எடுத்துப் பல வருடமாயிற்று, இப்போது எது இறங்குகிறது?" என்று திகைத்து வரும் பெண்களுக்கு நேர்ந்திருப்பது பெரும்பாலும் இதுதான்.

உச்சியைக் கட்ட வேறு ஆணியும் உண்டு. இடுப்புக்கூட்டின் உள்ளே, திருவெலும்புக்கும் பக்கத்து எலும்பு முனைக்கும் இடையே கெட்டியான ஒரு தசைநார் ஓடுகிறது. யோனியின் உச்சியை அதில் தைத்து மாட்டலாம், வழக்கமாக வலப்பக்கத்தில். அருகிலேயே முக்கிய நரம்பும் ரத்தக்குழாயும் போவதால் கைதேர்ந்தவர் செய்ய வேண்டியது. பிட்டத்தில் சில வாரம் வலி இருக்கலாம். உச்சியைக் கர்ப்பப்பையின் சொந்தத் தசைநாரில் கட்டுவது, இந்தப் பக்கத்துத் தசைநாரில் கட்டுவது இரண்டில் எது மேல் என்று அமெரிக்காவில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2014-இல் வந்த முடிவு: இரண்டும் ஏறக்குறைய சமம். ஐந்தாண்டு கழித்து அதே பெண்களைப் பார்த்தபோது, கறாரான அளவுகோலின்படி பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஏதோ ஒரு விதத்தில் பழுது திரும்பியிருந்தது. ஆனால் மறு சிகிச்சை வரை போனவர்கள் பத்தில் ஒருவர் அளவே. அளவுநாடா தோல்வி என்று சொன்னாலும், அந்தப் பெண் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாகவே இருக்கலாம்.

எடுப்பதையே இலக்காக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நேபாளத்தைப் பார்க்கலாம். அங்கே இளம் வயதுப் பெண்களுக்கே இறக்கம் பரவலாக இருந்தது. இள வயதுத் திருமணம், அடுத்தடுத்த பிரசவம், பிரசவித்த சில நாட்களிலேயே மலைப்பாதையில் விறகும் தண்ணீரும் சுமப்பது ஆகியவை காரணமாகச் சொல்லப்பட்டன. 2008-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதைப் பெண்களின் இனப்பெருக்க உரிமை மீறல் என்றே தீர்ப்பளித்தது. அரசு இலவச அறுவை சிகிச்சை முகாம்களை நடத்தியது. ஆயினும் 2014-இல் சர்வதேச மனித உரிமை அமைப்பான ஆம்னஸ்டி வெளியிட்ட அறிக்கை, தடுப்பதை விட்டுவிட்டு அறுவையையே அரசு நம்புகிறது என்று குற்றம்சாட்டியது. முகாம் முடிந்து வீடு திரும்பிய பெண்ணின் முதுகில் அதே விறகுக்கட்டு ஏறினால், உள்ளே போட்ட தையல் எத்தனை நாள் தாங்கும்?

வைத்துக்கொண்டே தூக்கிக் கட்டுவது

நம் வீடுகளில் இப்படி ஒரு வழி இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரியாததற்கு அது புதுமை என்பது காரணமாகாது. 1888-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்ச்சிபால்ட் டொனால்ட் தொடங்கி, பின்னர் ஃபாதர்கில் மெருகேற்றிய முறை இன்றும் "மான்செஸ்டர் ஆபரேஷன்" என்ற பெயரிலேயே இருக்கிறது. நீண்டு தொங்கும் கர்ப்பப்பை வாயின் ஒரு பகுதியை மட்டும் வெட்டிவிட்டு, இருபக்கத் தசைநார்களையும் இழுத்து முன்புறம் சேர்த்துக் கட்டுவது. கயிற்றைக் குட்டையாக்கி முடிச்சுப் போடும் வேலை. கலயம் மேலே போய்விடுகிறது.

பெரிய கருவிகள் வந்த பிறகு இதைப் பழைய பாணி என்று பல நாடுகளில் ஒதுக்கிவிட்டார்கள். நெதர்லாந்து ஒதுக்கவில்லை. அங்கே நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வெளியானது. கர்ப்பப்பை மிகவும் இறங்கிவிடாத 434 பெண்களில் ஒரு பாதிக்கு மான்செஸ்டர் முறை. மறுபாதிக்குக் கர்ப்பப்பையை, திருவெலும்புக்கும் பக்கத்து எலும்பு முனைக்கும் இடையே ஓடுவதாக முன்பு சொன்ன அந்தப் பக்கத்துத் தசைநாரில் மாட்டும் முறை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் நூற்றுக்கு 87 பேருக்கு மான்செஸ்டர் முறை நன்றாக நின்றிருந்தது. மற்றதில் 77 பேருக்கு. அதே நாட்டில் 208 பெண்களிடம் நடந்த முந்தைய ஆய்வு, பக்கத்துத் தசைநாரில் மாட்டுவதைக் கர்ப்பப்பை அகற்றுவதோடு ஒப்பிட்டது. ஐந்து ஆண்டுகள் பார்த்ததில், வைத்துக்கொண்டவர்கள் எடுத்துக்கொண்டவர்களைவிட எந்த விதத்திலும் மோசமாக இல்லை.

இந்தியாவுக்கும் இந்த வரலாற்றில் சொந்தப் பங்கு இருக்கிறது. குழந்தை பெறாத அல்லது இன்னும் பெற விரும்பும் இளம் பெண்களுக்கு இறக்கம் வந்தால், கர்ப்பப்பை வாயை வெட்டும் மான்செஸ்டர் முறை உகந்ததில்லை. கருத்தரிப்பதும் கரு தங்குவதும் சிரமமாகலாம். பம்பாயின் மகப்பேறு மருத்துவர்கள் இதற்கு நாடா முறைகளை வகுத்தார்கள். ஷிரோட்கர் முறையில் கர்ப்பப்பை வாயின் பின்புறத்தை ஒரு செயற்கை இழை நாடாவால் திருவெலும்போடு கட்டுகிறார்கள். நைந்துபோன கயிற்றுக்குப் பதில் புதுக் கயிறு. புரந்தரே முறையில் முன்புற வயிற்றுச் சுவரோடு கட்டுகிறார்கள். கரு கலையாமலிருக்கக் கர்ப்பப்பை வாயில் போடும் "ஷிரோட்கர் தையல்" என்று நம் ஊர் பிரசவ வார்டுகளில் கேட்கிறோமே, அதே ஷிரோட்கர்தான். இந்திய மருத்துவ மாணவர்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் இம்முறைகளைப் பற்றி, அவை யாருக்காக உருவாயினவோ அந்தப் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லை.

வைத்துக்கொள்வது எல்லோருக்கும் பொருந்தாது. மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு இருந்தாலோ, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையில் மாற்றம் தெரிந்தாலோ, புற்றுநோய் வாய்ப்பு பரம்பரையாக இருந்தாலோ எடுத்துவிடுவதே சரி. வைத்துக்கொள்கிறவர்களுக்கும் முன்கூட்டியே ஸ்கேனும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் அவசியம்.

இந்த மூன்று பகுதிகளின் சாரம்: தைப்பது நடுவையும் வாசலையும் பலப்படுத்துகிறது, கட்டுவது உச்சியைத் தூக்குகிறது. கர்ப்பப்பையை எடுப்பது இவற்றிலிருந்து தனியான ஒரு முடிவு.

வயிற்று வழி, வாசலை மூடும் வழி

உச்சி மிகவும் இறங்கியவர்களுக்கும், கர்ப்பப்பை எடுத்தபின் யோனி இறங்கியவர்களுக்கும் உறுதியான பிடிமானம் தருவது, வயிற்று வழியாகச் செயற்கை வலைத்துண்டு ஒன்றை வைத்து யோனியின் உச்சியைத் திருவெலும்போடு இணைப்பது. இன்று பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பில், சில இடங்களில் ரோபோ உதவியோடு நடக்கிறது. செலவும் மயக்க மருந்து நேரமும் கூடும். அதிக நாள் நிற்கும்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது, வயது முதிர்ந்து, தாம்பத்திய உறவு இல்லாத, நீண்ட அறுவையைத் தாங்காத பெண்களுக்கான முறை. பிரான்சின் லியோன் லெ ஃபோர் 1877-இல் விவரித்தது. முன்சுவரிலும் பின்சுவரிலும் நீள்சதுரமாகத் தோலை உரித்தெடுத்து, இரண்டு பரப்புகளையும் ஒன்றோடொன்று தைத்து மூடிவிடுவார்கள். கசிவு வெளியேற இருபக்கமும் சிறு வழி மட்டும் விடுவார்கள். நேரம் குறைவு, வெற்றி விகிதம் மிக அதிகம், திருப்தியடைந்தவர்களும் அதிகம். ஒரே நிபந்தனை: பிறகு உறவு கொள்ள முடியாது என்பதை அந்தப் பெண்ணுக்கே நேராகச் சொல்லி, அவரே சம்மதிக்க வேண்டும். "எழுபது வயதாகிறது, அவருக்கு எதற்கு" என்று மகனோ மருமகளோ கையெழுத்திட்டு முடிக்கிற விஷயமில்லை இது.

வலை விவகாரம்

செயற்கை வலை என்றதும் குடலிறக்கத்துக்கு வைக்கிற மெஷ் நினைவுக்கு வரும். அங்கே நன்றாக வேலை செய்ததைப் பார்த்துத்தான் இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் அதை யோனிச் சுவருக்கு அடியில் யோனி வழியாகவே வைக்க ஆரம்பித்தார்கள். அங்கே நிலைமை வேறு. வயிற்றுச் சுவர் தடிமன். யோனித் தோல் மெல்லியது, கிருமிகள் இயல்பாகவே வாழும் இடம், கீறலும் வலையின் மேலேயே விழுகிறது. வலை சுருங்கும், தோலை அரித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும். உறவில் வலி, தீராத இடுப்புவலி, கசிவு. வைப்பது சுலபம், திசுவோடு பின்னிக்கொண்ட பிறகு எடுப்பது பெரும்பாடு.

பல நாடுகளில் பெண்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 2017-இல் பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு, வலை வைத்ததால் கூடுதல் பலன் ஏதும் இல்லை, ஆனால் வைத்துக்கொண்டவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் வலை சார்ந்த சிக்கல் வந்தது என்றது. 2018-இல் அந்நாடு இச்சிகிச்சையை நிறுத்திவைத்தது. 2019 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, இறக்கத்துக்கு யோனி வழியாக வைக்கும் வலைகளின் விற்பனையை நிறுத்த உத்தரவிட்டது.

செய்தியில் "வலைக்குத் தடை" என்று மட்டும் படித்தவர்கள் எல்லா வலைக்கும் சேர்த்தே பயப்படுகிறார்கள். தடை யோனி வழியாக வைக்கும் வலைக்கு. வயிற்று வழியாக வைப்பது இன்றும் ஏற்கப்பட்ட சிகிச்சை. அதற்கும் பிரச்சினை இல்லாமலில்லை. அமெரிக்காவில் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில் ஏழு ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு வலை எட்டிப் பார்த்தது. வலை வைப்பதாகச் சொன்னால், எந்த வழியாக என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு என்ன?

ஒருநாள் இரண்டு நாள் சிறுநீருக்கு டியூப் இருக்கும். ஆறு வாரத்துக்குக் குடம், கேஸ் சிலிண்டர், பேரப்பிள்ளை எதையும் தூக்கக் கூடாது. உறவும் அதுவரை வேண்டாம். முக்கி மலம் கழித்தால் தையல் இழுபடும் என்பதால் மலமிளக்கி கொடுப்பார்கள்; கூச்சப்படாமல் சாப்பிட வேண்டும். இருமலைச் சிகிச்சைக்கு முன்பே சரிசெய்துகொள்வது புத்திசாலித்தனம்.

ஒரு விஷயம் பலரை ஏமாற்றத்துக்கு உள்ளாக்குகிறது. அதுவரை இருமினால் சிறுநீர் கசியாதவர்களில் சிலருக்கு, ஆபரேஷன் முடிந்தபின் கசியத் தொடங்கும். "நன்றாக இருந்ததைக் கெடுத்துவிட்டார்கள்" என்று கோபம் வரும். உண்மையில் இறங்கிய சிறுநீர்ப்பை, வெளியேறும் குழாயை மடக்கி அடைத்து வைத்திருந்தது. மேலே ஏற்றியதும் மடிப்பு நிமிர்ந்து, மறைந்திருந்த பலவீனம் வெளிப்படுகிறது. இறக்கத்தை விரலாலோ வளையத்தாலோ மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லி முன்பே இதைச் சோதிக்கலாம்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை இப்போது தானாகவே வந்து விழும். எனக்கு இறங்கியிருப்பது எந்தச் சுவர்? உச்சியைக் கட்டப் போகிறீர்களா, எதில்? கர்ப்பப்பையை வைத்துக்கொள்ள முடியுமா, முடியாதென்றால் ஏன்? இந்த ஆபரேஷனை நீங்கள் அடிக்கடி செய்வீர்களா? திரும்ப வந்தால் அடுத்த வழி என்ன? இன்னொன்றும் உண்டு; கேட்க மறந்துவிடுவார்கள். கர்ப்பப்பை எடுக்கிறபோது "அதோடு சேர்த்து" சினைப்பைகளையும் எடுத்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இறக்கத்துக்கும் சினைப்பைக்கும் சம்பந்தமே இல்லை. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு அவற்றை எடுத்தால், ஹார்மோன் ஒரே நாளில் நின்று, உடல் எரிச்சலிலிருந்து எலும்புத் தேய்மானம்வரை எல்லாம் முன்கூட்டியே வந்து சேரும். எடுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அதில் தவறில்லை.